ஒரே வீடு, இரண்டு ஓதம்: தென்சென்னை வாடகை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வீடு தென்சென்னையில், கடலிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் கட்டியது. வெளிச்சுவர்கள் 9 அங்குலச் செங்கல், உள்சுவர்கள் நாலரை அங்குலம். மாடியில் உரிமையாளரும் அவர் மனைவியும் குடியிருக்கிறார்கள். அவர் பணி ஓய்வு பெற்றவர். தரைத்தளம் வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. 2022 ஏப்ரலில் அங்கே ஒரு குடும்பம் குடிவந்தது: கணவன், மனைவி, 7 வயதுப் பெண் குழந்தை, கணவனின் தாயார். தாயாருக்குப் பல வருடங்களாக வீசிங் உண்டு.

குடிவந்த வருடமே, செப்டம்பர் வாக்கில், பாட்டியின் அறையில் பீரோவுக்குப் பின்னால் சுவரில் கரும்புள்ளிகள் தெரிந்தன. கூடத்தின் மேற்குச் சுவரிலும் அடியிலிருந்து இரண்டடி உயரம்வரை பெயிண்ட் உப்பிக் கொப்புளம் கொப்புளமாக நின்றது. 2023 ஜனவரியில் உரிமையாளர் இரண்டையும் சுரண்டி, பட்டி பார்த்து, 'டேம்ப் ப்ரூஃப்' என்று கடையில் சொல்லிக் கொடுத்த பெயிண்டை அடித்துக் கொடுத்தார். ஆகஸ்டில் இரண்டும் திரும்ப வந்தன. இந்த முறை அளவு பெரிது.

அதற்குள் இரு வீட்டாரின் பேச்சும் கசந்துவிட்டது. "மாடி பாத்ரூம் ஒழுகுது சார், அதான் எங்க சுவர் ஊறுது" என்பது குடித்தனக்காரரின் தரப்பு. "ரூமுக்குள்ளயே துணி காயப்போடுறீங்க தம்பி, சுவர் பின்ன எப்படி இருக்கும்? காலி பண்ணும்போது பெயிண்டிங் காசை அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன்" என்பது உரிமையாளரின் தரப்பு. இரண்டாம் தடவை பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒருவர் வந்து பார்க்கட்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அப்படித்தான் 2023 அக்டோபரில் நான் போனேன். கட்டடப் பழுது பார்ப்பது என் தொழில். இரு தரப்பையும் அதற்கு முன் எனக்குத் தெரியாது.

முதல் நாள் பார்த்தவை

நம் வீடுகளில் ஈரம் எந்த வழியில் வந்தாலும் ஓதம் என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் சுவருக்கு ஈரம் வரும் வழிகள் வேறு வேறு. மேலிருந்து ஒழுகலாம், பக்கவாட்டில் மழை ஊடுருவலாம், தரையிலிருந்து செங்கல் வழியே ஏறலாம், எதுவும் இல்லாமல் காற்றிலிருந்தே படியலாம். எந்த வழி என்று தெரியாமல் அடிக்கும் பெயிண்ட், சாக்கடையை மூடாமல் வாசலில் ஊதுவத்தி ஏற்றுவது போலத்தான். இந்த வீட்டில் பெயிண்டுக்குச் செலவான பணம் அப்படித்தான் போயிருந்தது.

இரண்டு சுவர்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதே அவை ஒரே நோய் இல்லை என்று தோன்றியது. கூடத்துச் சுவரில் உப்பிய பெயிண்டை விரலால் தட்டினால் உள்ளிருந்து வெள்ளைத்தூள் கொட்டியது. பஞ்சு மாதிரி மெல்லிய ஊசிகளாகப் பூத்த உப்பு அது. கறுப்பு எங்கும் இல்லை. பாட்டியின் அறையில் அதற்கு நேர்மாறு. சுவர் கெட்டியாக இருந்தது, பூச்சு உதிரவில்லை, உப்பே இல்லை. பீரோவை நகர்த்தியதும், அதன் நிழல்போல, அதே உயர அகலத்தில் கரும்பூஞ்சை. பீரோ மறைக்காத இடத்தில் சுவர் சுத்தமாக இருந்தது.

பாட்டி பீரோவைத் திறந்து துணிப்பையிலிருந்து ஓர் அரக்குப் பட்டுப்புடவையை எடுத்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் சாம்பல்வெள்ளைப் புள்ளி. முகர்ந்தால் மக்கிய வாடை. "அந்துருண்டை போட்டும் இப்படி ஆயிடுச்சுப்பா" என்றார். அந்துருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை உறிஞ்சாது. கற்பூரமும் வசம்பும் அப்படியே. இதை அவரிடம் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. பத்து வருடமாக அந்த உருண்டைகளை நம்பித்தான் அவர் அந்தப் புடவைகளைக் காத்துவந்திருக்கிறார்.

பீரோ நின்ற சுவருக்கு மறுபக்கம் மகன், மருமகளின் படுக்கையறை. அங்கே ஏசி இருக்கிறது. அன்று அதை நான் குறித்துக்கொண்டேன், ஆனால் அதன் முக்கியத்துவம் உடனே எனக்கு உறைக்கவில்லை.

அளந்து பார்த்தது

முதலில் மாடி பாத்ரூம். தண்ணீர் வெளியேறும் நஹானி ட்ராப்பை அடைத்து, தரையில் ஓர் அங்குலம் நீலச்சாயத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்தினோம். கீழ்க்கூரையில் ஒரு பொட்டு நிறமும் வரவில்லை. குழாய்களையும் பூட்டி வைத்துப் பார்த்தோம். ஒழுகல் இல்லை. குடித்தனக்காரருக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் தன் கண்ணால் பார்த்ததை ஏற்றுக்கொண்டார்.

அடுத்து, இரண்டு சுவர்களிலும் இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டினேன். பாட்டி அறையில் தாளை ஒட்டிவிட்டு பீரோவைப் பழைய இடத்திலேயே நிறுத்தினோம். இரண்டு நாள் கழித்துக் கூடத்தில் தாளுக்கு உள்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கத்தில், துளிகள் கோத்திருந்தன. பாட்டி அறையில் விடியற்காலை தாளின் வெளிப்பக்கம், அறையைப் பார்த்த பக்கம், பனி பூத்திருந்தது. தாளுக்கு அடியில் சுவர் காய்ந்து கிடந்தது. கூடத்தில் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, பாட்டி அறையில் காற்றிலிருந்து. ஒரு சல்லிக் காசு செலவில்லாத சோதனை இது. வீட்டுக்காரர்கள் தாங்களே செய்யலாம்.

பிறகு எண்கள் தேவைப்பட்டன. சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி இரண்டு வாங்கி ஓர் அறைக்கு ஒன்றாக வைத்தோம். இங்கேதான் என் முதல் தவறு. இரண்டும் ஒரே அளவைக் காட்டுமா என்று சரிபார்க்காமல் ஒரு வாரம் குறித்துவிட்டேன். சரிபார்ப்பது எளிது. பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் கூழாகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அதையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வைத்தால் அது 75 சதவீதம் காட்ட வேண்டும். ஒன்று 76 காட்டியது, மற்றது 69. அந்த வாரக் குறிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு, பழுதானதை மாற்றி மீண்டும் தொடங்கினோம்.

பாட்டி அறையில் பொதுவாக 79, 80 என்று நின்ற ஈரப்பதம், இரவு 9 மணிக்குமேல் 88-க்கு ஏறியது. காரணம் கொடியில் தொங்கியது. துவைத்த துணியை வாளியோடு எடைபோட்டேன். காலையில் காய்ந்ததும் மறுபடி எடைபோட்டேன். வித்தியாசம் 1.7 கிலோ, அதாவது 1.7 லிட்டர் தண்ணீர். ஏறத்தாழ 31 கன மீட்டர் உள்ள அந்த அறையின் காற்று, 28 டிகிரியில், முழுக்க நிறைந்தாலும் ஒரு லிட்டருக்குக் குறைவான தண்ணீரைத்தான் ஆவியாகத் தாங்கும். மிச்சம் கதவிடுக்கு வழியாக வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த இடம் தேடி அமர வேண்டும்.

குளிர்ந்த இடம் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. பக்கத்து அறை ஏசியை இரவெல்லாம் 19-இல் வைப்பார்கள். நாலரை அங்குலச் சுவர் அந்தக் குளிர்ச்சியை இந்தப் பக்கம் கடத்திவிடும். வெறும் சுவராக இருந்தால் அறைக்காற்று தொட்டுத்தொட்டு அதைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். பீரோ ஒட்டி நிற்கும் இடத்தில் அந்தக் காற்றோட்டம் நின்றுபோகிறது. காலை ஐந்தரை மணிக்கு அறைக்காற்று 28.4 டிகிரி, ஈரப்பதம் 79. அந்தக் காற்று 24.4 டிகிரிக்குக் குளிர்ந்தால் நீராகப் படியத் தொடங்கும். பீரோவுக்குப் பின்னால் கம்பி நுனி வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். 23.7 காட்டியது. வெறும் சுவரில் 26-க்கு மேல். பூஞ்சைக்குத் துளி நீர்கூட வேண்டாம். சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80-க்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே போதும், முளைத்துவிடும்.

எனவே உரிமையாளர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. துணிதான் ஈரத்தைக் கூட்டியது. ஆனால் துணியை ஏன் அறையில் காயப்போடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் இரண்டாவது வாரம்தான் கேட்டேன். மருமகள் தயங்கிச் சொன்னார்: "மொட்டை மாடிக்குப் பூட்டு போட்டிருக்காங்க சார். குடிவந்தப்பவே சாவி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க." இவர்கள் குடிவருவதற்கு முன் இருந்த குடித்தனக்காரர் தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் ஏதோ செய்துவிட்டதால் போட்ட பூட்டு அது. இந்தக் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கூடத்துச் சுவரின் கதை

மேற்குப் பக்கம் வெளியே போய்ப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கு முன் இருந்தது. தெருவில் தார் போடப்போடச் சாலை உயர்ந்து, மழைத்தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியிருக்கிறது. அதைத் தடுக்க, 2015 வெள்ளத்துக்குப் பிறகு உரிமையாளர் வீட்டைச் சுற்றியுள்ள காலியிடத்தை ஓரடி உயர்த்திச் சிமெண்ட் தளம் போட்டிருந்தார். சென்னையில் நூற்றுக்கணக்கான வீடுகளில் நடந்திருப்பதுதான்.

அடித்தளத்துக்குமேல், முதல் செங்கல் வரிசைக்கு முன் போடும் ஓதத்தடுப்புப் படுகையைக் கொத்தனார்கள் டிபிசி என்பார்கள். தரை ஈரம் அதற்குமேல் ஏறாது. அது வெளித்தரையைவிடக் குறைந்தது அரை அடியாவது மேலே இருக்க வேண்டும். இந்த வீட்டில் உயர்த்திய தளம் படுகையைத் தாண்டி மேலேறிவிட்டது. தடுப்புக்கு மேலே இருக்கும் செங்கல் ஈரத்தளத்தை நேராகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தளத்தின் சரிவும் சுவரை நோக்கியே இருந்தது. செங்கல் உறிஞ்சிய நீர் உள்பக்கமாக ஆவியாகி, கரைந்த உப்பைப் பூச்சில் விட்டுவிட்டுப் போகிறது. உள்ளே அடித்த டேம்ப் ப்ரூஃப் பெயிண்ட் அந்த ஆவி வெளியேறும் வழியை அடைத்தது, அவ்வளவுதான். அடைபட்ட ஈரம் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு உப்பியது, இரண்டாம் முறை கொப்புளங்கள் பெரிதாக வந்தது அதனால்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். பாட்டி அறைக்கான முடிவுகள் உடனே நடந்தன. பீரோவை ஏசி அறைச் சுவரிலிருந்து எடுத்து எதிர்ச்சுவரில், நான்கு அங்குல இடைவெளி விட்டு நிறுத்தினோம். ஏசியை 25-இல் வைத்து மின்விசிறியையும் போடுவது என்று மகன் ஒப்புக்கொண்டார். 19 என்பது வசதிக்காக வைத்த எண் அல்ல, பழக்கம். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏசிகள் இயல்பாகவே 24-இல் தொடங்கும்படி விதி இருக்கிறது. இவர்களுடையது அதற்கு முந்தையது.

மொட்டை மாடிச் சாவியைப் பற்றிப் பேச்சு எடுத்ததும் உரிமையாளர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து மேலே போனவர், திரும்பி வரும்போது சாவியோடு வந்தார். மழைநாளுக்காகப் படிக்கட்டு மேல்கூரையின் கீழ் ஒரு கொடியும் கட்டித் தந்தார்.

பூஞ்சையை எப்படித் துடைப்பது என்பதில் கவனமாக இருந்தோம். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மூச்சுக்கோளாறும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. பிளீச்சிங் நெடி வீசிங் உள்ளவரை இன்னும் பாதிக்கும். ஆகவே பாட்டியை இரண்டு நாள் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என்95 முகக்கவசத்தோடு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டி எறிந்து, விசிறி போட்டுக் காயவிட்டோம்.

மகன் இணையத்தில் படித்துவிட்டு, ஜன்னலை எப்போதும் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்டார். குளிர்நாடுகளுக்கு அது சரி. அங்கே வெளிக்காற்று குளிர்ந்து வறண்டது. அதை உள்ளே விட்டால் ஈரம் குறையும். நம் கடற்கரையில் ஐப்பசி இரவில் வெளிக்காற்று 27 டிகிரி, 85 சதவீதம் என்று இருந்தால், ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 22 கிராம் நீராவி இருக்கும். 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மீதும் அது படியும். ஏசி போட்டுக் குளிர்ந்த சுவருக்கு அந்தக் காற்றை அழைத்து வருவது தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவதுதான். பகலில், சுவரும் சூடாக இருக்கும் மதியத்தில் திறக்கச் சொன்னேன். சமையலறையில் இட்லி வேகும்போதும் குக்கர் போகும்போதும் எக்ஸாஸ்ட் ஓடட்டும்.

ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்களை அறையில் வைக்கலாமா என்றும் கேட்டார்கள். மூடிய பீரோவுக்குள் பயன்படும், திறந்த அறையில் வீண். பீரோவின் அடித்தட்டில் மட்டும் ஒன்று வைத்தோம். ஈரம் நீக்கும் மின்கருவி வேண்டாம் என்று முடிவுசெய்தோம். ஈரம் வரும் வழியை அடைத்த பிறகும் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

கூடத்துச் சுவருக்கு மழைக்காலம் முடியும்வரை காத்திருக்க முடிவெடுத்தோம். செலவு யாருடையது என்பதில் வாக்குவாதம் நீளவில்லை. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, கட்டமைப்புப் பழுதையும் சுவர் வெள்ளையடிப்பதையும் உரிமையாளர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது, வாடகைதாரர் சேதப்படுத்தியது தவிர. அட்வான்ஸில் கழிக்கும் பேச்சு அத்தோடு நின்றது. யார் எதைச் செய்வது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள்.

டிசம்பரும் அதற்குப் பிறகும்

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் பக்கவாட்டுத் தளத்தில் இரண்டு நாள் கணுக்கால் அளவு நின்றது. ஒரு வாரத்தில் கூடத்துச் சுவரின் ஈரக்கோடு இரண்டடியிலிருந்து மூன்றடிக்கு ஏறியது. கோட்டைப் பென்சிலால் குறித்துத் தேதி போட்டு வைத்தோம். தரையிலிருந்துதான் ஏறுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பாட்டி அறைச் சுவர் அந்த மழையிலும் சுத்தமாகவே இருந்தது.

ஜனவரி கடைசியில் வேலை தொடங்கியது. மேற்குச் சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குத் தளத்தை உடைத்து, டிபிசிக்கு அரை அடி கீழே போகும்வரை தோண்டி, அடியில் வடிகால் குழாய் வைத்து ஜல்லி நிரப்பினோம். மீதித் தளத்தின் சரிவைச் சுவரிலிருந்து வெளிப்புறமாக மாற்றினோம். உள்ளே நான்கடி உயரம்வரை பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கலைத் தண்ணீர் தொடாமல் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்த உப்பைக் கூட்டி அள்ளி வெளியேற்றினோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும்.

சுவர் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் சொல்லும் கணக்கு. இரண்டு பக்கமும் காய்ந்தாலும் 9 அங்குலச் சுவருக்கு நான்கைந்து மாதம் வேண்டும். ஏப்ரல் நடுவில் குழந்தையின் காதுகுத்து வந்தது. உறவினர் வரும்போது கூடத்தில் செங்கல் தெரிய நிற்பதா என்று கேட்டார்கள். நான் இரண்டரை மாதத்தில் பூசச் சம்மதித்துவிட்டேன். ஜூலையில், தெற்கு மூலையில், ஒன்றரை அடி அகலத்துக்கு உப்பு மீண்டும் பூத்தது. மீதி இடம் நன்றாக நிற்கிறது.

2024 நவம்பரில், அடுத்த வடகிழக்குப் பருவமழையில் மறுபடி அளந்தேன். பாட்டி அறையில் இரவு ஈரப்பதம் 71-க்கும் 75-க்கும் நடுவே இருந்தது. பழைய இடத்தில் பூஞ்சை இல்லை. பாட்டிக்கு இன்ஹேலர் தேவை குறைந்திருப்பதாக வீட்டில் சொன்னார்கள். இடையில் மருத்துவர் மருந்தையும் மாற்றியிருந்தார், அதனால் அதைச் சுவரின் கணக்கில் நான் எழுதவில்லை. பட்டுப்புடவைகளில் இரண்டைச் சலவைக்காரர் காப்பாற்றினார், அரக்குப் புடவையை முடியவில்லை.

திரும்பச் செய்வதானால்

சுவரை அளப்பதற்கு முன், துணி எங்கே காய்கிறது, ஏன் அங்கே காய்கிறது என்று மருமகளிடம் தனியாகக் கேட்பேன். இரண்டு வாரம் நான் கருவியோடு அலைந்தபோது பதில் அடுப்பங்கரையில் இருந்தது. உரிமையாளர் முன்னால் அதைச் சொல்ல அந்தப் பெண்ணுக்குத் துணிவு வராதது இயல்பு.

காதுகுத்துக்காகப் பூச்சு வேலையை அவசரப்படுத்த மாட்டேன். நான்கு நாள் விழாவுக்குச் செங்கல்மீது ஒரு தட்டியோ திரையோ போதும். அதை நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

குடிவரும் நாளன்றே எல்லா அறைச் சுவர்களையும், குறிப்பாகத் தரையோரத்தையும் பீரோ நிற்கப்போகும் இடத்தையும் இரு தரப்பும் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளச் சொல்வேன். இந்த வீட்டில் 2022 ஏப்ரலில் எடுத்த ஒரு படம் இருந்திருந்தால் கூடத்து ஓதம் இவர்களுக்கு முன்பே இருந்ததா என்ற தகராறு ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

தெற்கு மூலையின் அந்த ஒன்றரை அடியை மறுபடி கொத்தி எடுத்தாகிவிட்டது. மழை முடிந்து, மாசி பங்குனி வெயிலில் காய்ந்து, பாலிதீன் தாள் இரண்டு நாள் துளியில்லாமல் இருந்த பிறகுதான் பூச்சு என்று உரிமையாளரே சொல்லிவிட்டார். அதுவரை அந்த இடத்தில் செங்கல் தெரியும்.